அரைக் குளிசை

பலூனை ஊதச் சொன்னார்கள். ஊதினேன். குழாய்க்குள் இருந்த மஞ்சள் தூள் மஞ்சளாகவே இருந்தது. பச்சையாக மாறினால்தான் குடி. பொலிஸ்காரர் அதை வெயிலில் பிடித்து இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதினார். காலை எட்டு மணி இருக்கும். என் மனைவி சுமித்திராவை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. மாடு இன்னும் வீதியில் கிடந்தது.

மாட்டின் தொடையில் குறி இருந்தது. ‘ஆ.ப.’ குளத்துக்கு அப்பால் உள்ள குடியேற்றத்தில் இருக்கும் ஆண்டியப்பனுடைய மாடு என்று அங்கே நின்றவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“பத்தாந் திகதியோட மாடெல்லாம் காட்டுக்குப் போயிருக்க வேணும். இண்டைக்குப் பன்ரண்டு,” என்றார் ஒருவர்.

அந்தப் பத்தாம் திகதியைத் தட்டச்சு செய்தது நான். கமநல சேவை நிலையத்தில் என் வேலை அது. காலபோகத்துக்கு முன்னர் விவசாயிகளின் கூட்டம் நடக்கும். எப்போது விதைப்பது, எப்போது குளத்துத் தண்ணீரைத் திறப்பது, எந்த நாளுக்குள் மாடுகளை வயல்வெளியிலிருந்து காட்டு மேய்ச்சலுக்குக் கொண்டுபோவது என்றெல்லாம் அங்கே முடிவாகும். அந்த நாளுக்குப் பிறகு மாடு வெளியே நின்றால் உடையவன்தான் பொறுப்பு. அறிவித்தலை முள்ளியவளைச் சந்தியில் ஒட்டியதும் நான்.

சுமித்திரா ஆஸ்பத்திரிக்கு உயிருடன் போய்ச் சேரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமும் மூன்று மாதமும். அவள் முல்லைத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் அவளை இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன்.

மரண விசாரணையில் நான் சொன்னது நாலு வசனம். மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். நிற்கவில்லை. மனைவி பின்னால் விழுந்தாள். நான்கையும் நம்பித்தான் சொன்னேன். பொலிஸ் ஆண்டியப்பன் மேல் வழக்குப் போட்டது. நான் முதலாம் சாட்சி.

நாங்கள் இருந்தது சுமித்திராவின் சீதன வீடு. அவள் போன பிறகும் அதே வீட்டில் நானும் அவளுடைய தாய் ஞானேஸ்வரி மாமியும் இருந்தோம். என்னைப் போகச் சொல்ல மாமிக்கு வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. காலையில் தேத்தண்ணி வைத்துவிட்டு “தம்பி, ஆறுது” என்பா. நான் குடிப்பேன். மாமி நாள் முழுவதும் பேசியது ஆண்டியப்பனைப் பற்றி மட்டும்தான். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமும், எட்டுக்கு வந்தவர்களிடமும், முப்பத்தொன்றுக்கு வந்தவர்களிடமும் ஒரே கதை.

“ஒரு மாட்டைக் கட்டி வைக்கத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு மாடு? அவன் உள்ளுக்குப் போகவேணும். என்ர கண்ணால பாக்க வேணும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. நித்திரையும் வரவில்லை. மார்கழி முதல் கிழமை, அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் நிருஷன் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வாங்கில் எனக்கு முன்னால் மூன்று பெண்கள் இருந்தார்கள். கையில் கிளினிக் கொப்பி, மடியில் குளிசைப் பை.

“உனக்கு வெள்ளையோ தந்தவை?”

“ஓமக்கா. வெள்ளை எனக்குப் பிடிக்கேல்லை. விடிய விடியக் கொட்டக் கொட்ட முழிச்சுக்கொண்டு கிடக்கிறன்.”

“என்ர மஞ்சளில ரெண்டு தாறன். போட்டுப் பார். எங்கட அவர் ஒண்டு போட்டிட்டு, கூரை பிரிஞ்சதும் தெரியாமக் கிடந்தவர்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் இது பழக்கம். யுத்தம் முடிந்த காலத்திலிருந்து அநேகமான வீடுகளில் ஒருவருக்காவது நித்திரைக் குளிசை இருக்கிறது. தலையிடிக்குப் பனடோல் கேட்பது மாதிரி அதையும் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கொடுப்பவர்களும் அன்பாகத்தான் கொடுப்பார்கள்.

டொக்டர் இளம் பிள்ளை. என்னைவிட வயது குறைவாக இருக்கும். துண்டில் எழுதிக்கொண்டே, எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னா.

“மோட்டசைக்கிள் ஓடுறனீங்களோ?”

“முந்தி.”

“இதைப் போட்டால் அடுத்த நாள் காலமை ஓடக்கூடாது. குடிக்கிற பழக்கம் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். ரெண்டும் சேர்ந்தால் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் உடம்பில நிக்கும்.”

“எழும்பினால் தெரியுந்தானே?”

“அதுதான் இல்லை. எழும்புவீங்கள், குளிப்பீங்கள், சாப்பிடுவீங்கள். நல்லா இருக்கிறன் எண்டு நினைப்பீங்கள். ஆனால் ஒண்டைக் கண்ட பிறகு கை வேலை செய்யிறதுக்குப் பிந்தும். ஊதிப் பாத்தாலும் ஒண்டும் காட்டாது.”

நான் துண்டை வாங்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பவும் இல்லை. அடுத்தவரைக் கூப்பிடவேண்டும் என்று தாதி சொன்ன பிறகுதான் எழும்பினேன். வெளியே நின்ற நிருஷன், “என்னவாம்?” என்று கேட்டான். “ஒண்டுமில்லை” என்றேன்.

விபத்துக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, நிருஷனின் தங்கையின் பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. மத்தியானம் தொடங்கி இரவு எட்டு மணி வரை கொட்டிலுக்குப் பின்னால் இருந்து சாராயம் குடித்தோம். போதும் என்று நான் எழும்பியபோது, “ஒரு நித்திரை போட்டால் எல்லாம் ஆவியாப் போயிடும், இரடாப்பா” என்று கையைப் பிடித்து இருத்தியவன் நிருஷன். நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. அவனுடைய மச்சான் ஓட்டோவில் கொண்டுவந்து விட்டான். குடித்துவிட்டு ஓடாத ஆள் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது.

அடுத்த நாள் மாவட்டச் செயலகத்தில் கூட்டம். விதைப்பு விபரத்தை நான் எழுந்து நின்று சொல்லவேண்டும். குடித்தால் எனக்கு நடு இரவில் விழிப்பு வரும். பிறகு விடியும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டு கிடப்பேன். சுமித்திரா படுத்துவிட்டாள். குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது மாமி வந்தா. தன் கடதாசிப் பையிலிருந்து ஒரு குளிசை எடுத்து, பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டினா.

“அரை போடுங்கோ, தம்பி. காலமை கூட்டம் எல்லோ. தண்ணியும் எடுத்திருக்கிறியள், அரை போதும்.”

மற்ற அரையைச் சோசரில் போட்டு, அலுமாரித் தட்டில் வைத்தா.

இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. எழும்பிப் போய் மற்ற அரையையும் போட்டேன்.

அன்று காலை எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அதை எத்தனை தரம் நினைத்துப் பார்த்தும் அப்படித்தான். குளித்தேன். புட்டும் சம்பலும் சாப்பிட்டேன். படலையில் திரும்பும்போது சிக்னல் போட்டேன். அதை நிறுத்தாமல் இரண்டு கிலோமீற்றர் போயிருக்கிறேன். சுமித்திரா தோளில் தட்டினாள்.

“இன்னும் சிக்னல் போட்டுக்கொண்டு போறியள்.”

“ஓமெல்லோ” என்றேன். நிறுத்தினேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அவள், “பெற்றோல் அடிக்கவேணும் எண்டு சொன்னனீங்கள், பெற்றோல் செட்டைத் தாண்டிட்டம்” என்றாள். அதற்கும் “ஓமெல்லோ” என்றேன். அவள் சிரித்தாள். “இண்டைக்குக் கூட்டத்தில நல்லாத்தான் கதைக்கப் போறார், ஐயா.” அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

மாட்டைக் கண்டேன். செம்மண் நிற மாடு. வலது பக்கக் கரையிலிருந்து மெதுவாக ஏறி வந்தது. தூரம் நிறைய இருந்தது. மாடு வருகிறது என்று நினைத்தேன். பிரேக் பிடிக்கவேண்டும் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே போனேன்.

டொக்டர் சொன்ன பிறகுதான் இது நினைவுக்கு வந்தது என்று சொல்லமுடியாது. நினைவில் எப்போதும் இருந்தது. அது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழக்கு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தவணை போட்டிருந்தது. யாருக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மாமிக்கு அவ கையில் இருந்த பாக்குவெட்டியைக் காட்டவேண்டும். சொல்லாவிட்டால் ஆண்டியப்பன் மறியலுக்குள் போவார். ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாமி தேத்தண்ணியை வைத்து “ஆறுது” என்பா.

திங்கட்கிழமை பின்னேரம் ஆண்டியப்பன் வந்தார். முன்னர் அவரைக் கூட்டங்களில் கண்டிருக்கிறேன். கடைசி வரிசையில் இருந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவர். தகப்பன் காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கூடவே மனைவி அழகம்மா. ஆண்டியப்பன் கையில் கயிறு. கயிற்றில் ஒரு நாகு கன்று, அதே செம்மண் நிறம்.

படலைக்கு வெளியே நின்று, “சேர் இருக்காங்களா?” என்றார்.

நான் முற்றத்துக்கு இறங்குவதற்குள் மாமி படலையடிக்குப் போய்விட்டா.

“என்ன?”

“நாளைக்குக் கோர்ட்டுங்கம்மா. குத்தவாளின்னு ஒத்துக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். பத்தாந் தேதியே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கணும். காய்ச்சல்ல படுத்துட்டேன். தப்பு எம் மேலதான். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு…”

“இதென்ன?”

“செத்துப்போன மாட்டோட கன்னுங்க. உங்க வீட்டுல நிக்கட்டும்.”

மாமி கன்றைப் பார்த்தா. குரல் உயரவில்லை.

“என்ர பிள்ளைக்கு உன்ர கண்டு ஈடோ?”

“ஐயோ, அப்படி இல்லீங்கம்மா.”

“வேற எப்பிடி? நான் பால் கறந்து குடிச்சிட்டு அவளை மறக்கவோ?”

ஆண்டியப்பன் கயிற்றோடு ஓர் அடி பின்னால் போனார். அழகம்மா அவருடைய கையிலிருந்து கயிற்றை வாங்கி, வேலிக் கதியாலில் கட்டினா. “குடுக்கணும்னு வந்தோம், குடுத்துட்டோம். வாங்க போகலாம்” என்றா. இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

மாமி முடிச்சை அவிழ்த்தா. கன்றின் முதுகில் கையால் ஓங்கி ஒன்று வைத்தா. கன்று வெருண்டு வீதிக்கு ஓடியது. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.

நான் எப்படிப் படலையைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. கயிற்றின் நுனி கையில் அகப்பட்டது. இழுத்தேன். கன்று என் காலடியில் முன்கால் மடங்கி விழுந்தது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. கை இந்தத் தடவை பிந்தவில்லை.

ஆண்டியப்பன் ஓடி வந்தார். கயிற்றை அவரிடம் கொடுத்தேன். அப்போது சொன்னேன். வீதிக்கரையில் நின்று, சாராயம், குளிசை, மற்ற அரை, சிக்னல், எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவர் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு, “மாடு ரோட்டுல நின்னது நெசந்தானே சேர்?” என்றார்.

“நிண்டதுதான். நான் கண்டனான். நிப்பாட்ட இடம் இருந்தது.”

“மாத்திரை போட்டா தூக்கந்தானே வரும்? நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே ஓட்டுனீங்க? மனசு நொந்து பேசுறீங்க. வீட்டுக்குப் போங்க.”

“நீங்க சும்மா இருங்க,” என்றா அழகம்மா. அவ என்னை நேராகப் பார்த்தா. “இத நாளைக்குக் கோர்ட்டுல சொல்லுவீங்களா, சேர்?”

நான் திரும்பிப் பார்த்தேன். மாமி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கேட்டிருந்தா.

“சொல்லுவன்,” என்றேன்.

“அப்ப இந்த ஆள் ஒத்துக்க வேணாம்ல?”

“வேண்டாம்.”

“கன்ன ஓட்டுங்க,” என்று அவ புருசனிடம் சொன்னா.

நான் உள்ளே வந்தபோது மாமி குசினியில் இருந்தா. அடுப்பு மூட்டவில்லை. நான் வாசற்படியில் இருந்தேன்.

“மற்ற அரையைத் தேடினனான், தம்பி,” என்றா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“செத்த வீடு முடிஞ்சு மூண்டாம் நாள். சோசர் வெறுமையா இருந்தது. எறும்பு கொண்டு போயிருக்கும் எண்டு நினைச்சன். எறும்பு குளிசையைக் கொண்டு போகுமோ?”

“நீங்கள் அரைதான் தந்தனீங்கள். மிச்சம் நான் எடுத்தது.”

“வெட்டினது ஆர்?”

நான் அலுமாரித் தட்டைப் பார்த்தேன்.

“மணந்தது எனக்கு. நீங்கள் வாயைத் திறக்கச் சாராயம் மணந்தது. அரை எண்டால் ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். பதினைஞ்சு வருசமாப் போடுறன், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. நானென்ன, மோட்டசைக்கிளோ ஓடுறன்?” பிறகு, “அவன்ர மாடு எண்டு சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் லேசா இருந்தது,” என்றா.

அலுமாரித் தட்டில் கடதாசிப் பை இருந்தது. மேலே தூசி. நான் எடுத்துப் பார்த்தேன். விபத்து நடந்த ஐப்பசி மாதத்துக் குளிசைகள் அப்படியே இருந்தன. மாமியும் அன்றிலிருந்து நித்திரை இல்லாமல்தான் இருந்திருக்கிறா. ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருவரும் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

காலையில் நான் வெளிக்கிட்டு நின்றபோது மாமி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தா. பஸ்ஸில் போனோம்.

நீதிமன்றத்தில் ஆண்டியப்பனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கூண்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். பழக்கத்தில் தலையாட்டிவிடுவார் என்று பயந்தேன். பின்வரிசை வாங்கிலிருந்து அழகம்மா உரக்க இருமினா. “சுத்தவாளிங்க” என்றார். அதைச் சொன்னதற்கே வெட்கப்பட்டவர்போலத் தலையைக் குனிந்தார்.

சாட்சிக் கூண்டில் நான் முதல் வாக்குமூலத்தில் ஒரு வசனம் பிழை என்றேன். நீதவான் பேனையை வைத்தார். எந்த வசனம் என்று கேட்டார்.

“பிரேக் பிடித்தேன் என்பது.”

மிச்சத்தையும் சொன்னேன். எனக்கு எதிராக வரக்கூடியதைச் சொல்கிறேன் என்பது விளங்குகிறதா என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். வழக்கு மாசிக்குத் தள்ளிப்போனது. பொலிஸ் என்னிடம் புது வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்று கட்டளை.

பொலிஸ் நிலையத்தில் எழுதியவர் மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன். நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஓரிடத்தில் வாசித்துக் காட்டினார்: “நித்திரைக் கலக்கத்தில் இருந்தபடியால்…”

“கலக்கம் எண்டு எழுத வேண்டாம். எனக்குக் கலக்கம் இருக்கேல்லை. நான் நல்லா இருக்கிறன் எண்டுதான் நினைச்சனான்.”

“அப்படி எழுதினா உங்களுக்குத்தான் கூடாது, சேர்.”

“அப்படித்தான் இருந்தது.”

அவர் வெட்டி எழுதினார். “குளிசை ஆரு தந்த?”

“வீட்டில இருந்தது. நானே எடுத்தனான்.”

“நான் குடுத்தனான்,” என்றா மாமி. பக்கத்துக் கதிரையில் நேராக இருந்தா. “என்ர கிளினிக் குளிசை. நான்தான் வெட்டிக் குடுத்தனான். அதையும் எழுதுங்கோ, தம்பி.”

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். “எங்கட அம்மாவும் அதைத்தான் போடுறவ,” என்று மெதுவாகச் சொன்னார். “எனக்கும் ரெண்டு மூண்டு தரம் தந்தவ. டியூட்டிக்குப் போறதுக்கு முதல் நாள்.” எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது. மாமி யன்னல் பக்கம் இருந்தா. தண்ணீரூற்றுக்குக் கிட்ட வந்தபோது வீதியில் மாடுகள். ஏழெட்டு இருக்கும். யாருடையவை என்று தெரியவில்லை. அவை போகிற மாதிரித் தெரியவில்லை. சாரதி பேசிக்கொண்டே பிரேக்கை மிதித்தார். பஸ் குலுங்கி நின்றது. முன்னுக்கு நின்ற மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் இரண்டு ஆள் படுக்கலாம்.

கண்டக்டர் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.

“நிண்டிட்டுது,” என்றா மாமி.

“ஓம், மாமி.”

சாரதி ஹோர்ன் அடித்தார். மாடுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு இறங்கின. மாமி முன்கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பஸ் வெளிக்கிட்ட பிறகும் எடுக்கவில்லை. முள்ளியவளையில் இறங்கும்போது அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.